டோக்கன் நம்பர் 47-க்கு ஒரு நாள் குறைகிறது

1

மணி நாலு ஐம்பது. ஜெயப்பிரியா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள். கையில் சம்பளச் சீட்டு. நாலாவது மாடியில் அக்கவுண்ட்ஸ் ரூம். ஐந்து மணிக்கு மேல் திருத்தம் எதையும் வாங்க மாட்டார்கள். கடையில் லிஃப்ட் இருக்கிறது, சேலை வாங்க வருபவர்களுக்கு. விற்பவர்களுக்குப் படிதான்.

அவள் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கட்டும். அதற்குள் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில். பக்கத்து சீட்டில், ஜவுளிக்கடை யூனிஃபார்ம் சேலையில் ஒரு பெண். மல்லூர் தாண்டியதும் ஒரு சீட்டை நீட்டினாள். "சார், படிச்சவராட்டம் இருக்கறீங்க. இதுல ஒரு நாள் எங்க போச்சுன்னு பாத்துச் சொல்றீங்களா?"

சீட்டின் தலையில்: ஜெயப்பிரியா, டோக்கன் 47, பட்டுப் பிரிவு.

வாரப் பத்திரிகைகளில் அறுபது கொலைகளைத் துப்பு துலக்கியவன் நான். அரைப் பக்கச் சீட்டு எம்மாத்திரம் என்று வாங்கினேன். ராசிபுரம் வந்து அவள் இறங்கும்வரை ஒன்றும் விளங்கவில்லை.

2

மாதச் சம்பளம் 12,400. ஆகஸ்டுக்கு முப்பத்தொரு நாள். சீட்டில் சம்பள நாள் 30. பி.எஃப். 1,200. இ.எஸ்.ஐ. 90. எல்.ஓ.பி. 1.

நான் முதலில் சந்தேகப்பட்டது பி.எஃப்.-ஐ. பெரிய தொகை, அமைதியான பெயர், என் கதைகளில் இப்படிப்பட்ட ஆள்தான் குற்றவாளி. ஆனால் அது அவளுக்கே சேரும் பணம். இ.எஸ்.ஐ.? வைத்தியத்துக்கு. மிச்சம் எல்.ஓ.பி. அப்படியென்றால் சம்பளமில்லா விடுப்பு. நானூறு ரூபாய் போச்சு.

நானூறுக்கா நாலு மாடி ஓடுகிறாள்? இல்லை. சொல்லாமல் எடுத்த விடுப்பு மூன்று மாதம் தொடர்ந்தால், கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது அந்தக் கடையின் விதி. ஜூனில் ஒன்று. ஜூலையில் ஒன்று. இது மூன்றாவது.

பதினொரு வருட வேலை. அவளோ ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்கிறாள்.

(பொய் சொல்கிறாளோ என்று நானும் நினைத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் குடியிருப்பு, கடைக்குப் பத்து நிமிட நடை. காய்ச்சலிலும் வந்திருக்கிறாள். நம்பிவிட்டேன்.)

3

சம்பவ இடத்தைப் பார்த்துவிடலாம். கடையின் பின்வாசல், காலை ஒன்பது மணி. சுவரில் விரல் வைக்கும் மிஷின். விரல் பிடித்துப்போனால் ஒரு பெண் குரலில் 'தேங்க்யூ' சொல்லும். மேலே ஓர் அட்டை: அடுத்தவருக்காக விரல் வைப்பவர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார். அதற்கும் மேலே ஒரு கேமரா.

ஜெயப்பிரியா கட்டைவிரலை வைக்கிறாள். மிஷின் யோசிக்கிறது. பின்னால் நாற்பது பேர். "நகருக்கா, பல்லாங்குழியா ஆடறே?" இரண்டடி நகர்ந்த பிறகு முதுகுக்குப் பின்னால் 'தேங்க்யூ.' தினமும் இதே கதை. தன் விரலுக்கு மட்டும் மிஷின் மெதுவாக வேலை செய்கிறது என்பது அவள் எண்ணம்.

அவளுக்குப் பின்னால் எப்போதும் நிற்பவள் சித்ரா, பக்கத்துக் கவுண்டர். சீட்டு கைக்கு வந்த அன்று, "குடுக்கா, யாரையாச்சும் கேட்டுட்டு வாரேன்" என்று வாங்கிப் போனவளும் அவள்தான். மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். "யாருக்கும் புரியலக்கா."

4

அக்கவுண்ட்ஸ் குருமூர்த்தியை முதல் பிரதியில் கெட்டவராக எழுதினேன். அவர் மேஜை மீது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குரூரமாக ஒரு

(அடித்துவிட்டேன். அந்த மனிதர் அவளைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டினார்.)

"உக்காரும்மா. மூச்சு வாங்குது பாரு."

"மூணு மாசமா ஒவ்வொரு நாள் குறையுதுங்க சார். நான் லீவே போடலைங்க."

"ஜூன் பதினாலு, ஜூலை ஒம்பது, ஆகஸ்ட் இருபத்தொண்ணு. மூணு நாளும் உன் விரல் விழலையே."

"இருபத்தொண்ணுங்களா? அன்னிக்குத்தானுங்க பரமத்தி வேலூர்ல இருந்து கல்யாணக்காரங்க வந்தாங்க. நாப்பத்திமூணு சேலை விரிச்சேன். மூணு எடுத்தாங்க. சித்ரா லீவுங்க, அவ கவுண்டரையும் சேத்து நாந்தான் மடிச்சேன். வராதவ எப்படிங்க சார் மடிப்பா?"

குருமூர்த்தி சிரித்துவிட்டார். "நியாயந்தான். ஆனா இங்க விரல்தான் சாட்சி." ஒரு தாளை நகர்த்தினார். "புகார் எழுதிக் கையெழுத்துப் போடு. விழாத நாள் மூணு, விழுந்த நாள் மூணு, கேமராவுல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடறேன். மிஷின் தப்பா, விரல் தப்பான்னு தெரிஞ்சுபோகும். நாளைக்கே உன் நாளெல்லாம் திரும்பி வந்துரும்."

"நல்லாப் பாருங்க சார்! என் மொகம் தெரியுமுங்க." பேனாவை எடுத்தாள். நாலு ஐம்பத்தெட்டு.

5

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள், வேலை தப்புகிறது, சுபம். பத்திரிகை ஆசிரியர் உடனே அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

முடிவு இரண்டு: பேனா எழுதவில்லை, ஐந்து மணி அடிக்கிறது. மலிவான தந்திரம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முடிவு மூன்று: சித்ரா மூச்சிரைக்கப் படியேறி வந்து, "அக்கா, வேண்டா

(இதை எழுத என் கை வரவில்லை. ஏன் என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.)

6

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கடைக்கு நடந்து போகிறவளுக்கு ராசிபுரம் பஸ்ஸில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் என்னிடம் சீட்டை நீட்டியவள் சித்ரா.

மிஷின் மாட்டிய அன்று, பதினொரு வருடம் பட்டும் கஞ்சியும் தேய்த்த ஜெயப்பிரியாவின் விரலில் ரேகையே பிடிக்கவில்லை. விரல் பிடிக்காதவர்களைக் குடோனுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. அதற்குள் கவுண்டரில் ஆள் வர, அவள் போய்விட்டாள். பின்னால் நின்ற சித்ரா, 47-க்கு நேராகத் தன் இடது கட்டைவிரலைப் பதிந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்குமுன் என்னிடம் சொன்னதைத் தவிர, யாரிடமும் சொல்லவில்லை. அன்று முதல் தினமும் இரண்டு 'தேங்க்யூ.' சித்ரா லீவு போட்ட நாளில் மட்டும் 47-க்கும் விரல் விழவில்லை.

ராசிபுரத்தில் இறங்கும்போது அவள் கேட்டாள்: "இதைத் திருத்தச் சொன்னா, கேமராவைப் பாப்பாங்களா சார்?"

நான் தெரியாது என்றேன். இடது கட்டைவிரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நாலு ஐம்பத்தொன்பது. ஜெயப்பிரியா தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டாள். மிச்சத்தை நான் எழுத மாட்டேன். விஷயம் இப்போது உங்களுக்கும் தெரியும்.