ஒரே ஒரு கெட்ட தோட்டா

மூன்றாவது முறையும் 'டக்' என்றுதான் கேட்டது. லவான் ஹாகன் ரிவால்வரை நீட்டியபடியே நின்றாள். எதிரே ஜல்லிக்குழியின் மண்சரிவில் அவள் நிறுத்திவைத்திருந்த பீன்ஸ் டப்பா அசையாமல் நின்றது. தோட்டாவை மாற்றிப் பார்த்தாள். துடைத்துப் பார்த்தாள். திட்டியும் பார்த்தாள். தோட்டாவை அடிக்கிற குதிரை அழகாகப் பின்னால் போனது, அழகாக முன்னால் வந்து விழுந்தது, அவ்வளவுதான். போன வாரம் ஒரு கரடி வந்து கோழிக்கூண்டைத் தீப்பெட்டியைப் பிய்ப்பதுபோலப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சமையலறைக் கதவுவரை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. பள்ளத்தாக்கின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிற பெண்பிள்ளை அந்தக் கரடியைப் பார்த்து 'டக்' என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா?

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் லவானை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டு நடந்த காலணியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பாதி தின்ற தர்பூசணியை, இனிப்பு போதவில்லை என்று, கடைக்காரன் மேஜையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஏமாற்றுகிற வியாபாரியின் முகம் தூரத்திலிருந்தே தெரியும் என்பது அவள் எண்ணம். இணையத்தில் முகம் தெரியாதே, அங்கேதான் சறுக்கிவிட்டாள். படத்தில் ரிவால்வர் மினுமினுவென்று இருந்தது. 'இழுப்பறையில் சும்மா கிடந்தது, குறை ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தான் விற்றவன். பெயர் டெல்மர் கிட்ரிட்ஜ். மொன்டானாவின் கிழக்குக் கோடியில், ஒருநாள் முழுக்க வண்டி ஓட்டிப் போகவேண்டிய தூரத்தில் ஊர். ஜல்லிக்குழியில் நின்றபடியே அவனுக்குப் போன் போட்டாள்.

"சுட்டுப் பாத்துட்டீங்களாம்மா?" என்றது நிதானமான, வயதான குரல். "மூணு நாள் வச்சுப் பாத்துக்கலாம், சுட்டுப் பாத்தா திருப்பி எடுக்கறதில்லன்னு போட்டிருந்தேனே."

"எங்க சுட்டேன்? அது சுட்டிருந்தா நான் ஏன் உங்களக் கூப்பிடறேன்?"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "அது நியாயம்தான். இப்படி ஒருத்தரும் என்னை மடக்கினதில்ல." பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணு சொல்லணும்மா. சொல்லாம வித்தது என் தப்பு. ஒரே ஒரு தடவ அது வெடிக்காம போயிருக்கு. ஆனா அது துப்பாக்கியோட குத்தமில்ல, தோட்டாவோட குத்தம்."

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"அந்தத் தோட்டா வெடிச்சிருந்தா உங்ககூடப் பேச நான் இருந்திருக்க மாட்டேன்."

லவானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெல்மர் பலமுறை சொல்லிப் பழகியவர் மாதிரி, அழாமல், ஒளிக்காமல் சொன்னார். தொடர்ந்து மழை பொய்த்ததையும், அப்பா காலத்து மாடுகள் ஒவ்வொன்றாக லாரி ஏறியதையும், ஒருநாள் சாயங்காலம் வைக்கோல் கொட்டகைக்குத் தனியாகப் போனதையும். 'டக்' என்று கேட்டதாம். எழுந்து வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாராம். அதற்குப் பிறகு அதைத் தொடவேயில்லை. இப்போது மகளின் பிள்ளைகள் வீட்டோடு வந்துவிட்டதால் அது அங்கே இருக்கவேண்டாம் என்று விற்றிருக்கிறார்.

"இப்ப எங்கயாவது ஒரு பண்ணைக்காரன் பேச்ச நிறுத்திட்டான்னு கேள்விப்பட்டா, நான் போய் அவன் பக்கத்துல உக்காந்துக்குவேன். ஒரு பெட்டி தோட்டாவுல ஒண்ணே ஒண்ணு கெட்டது, அத எனக்குன்னு எடுத்து வச்சது யாருடான்னு கேப்பேன். போன குளிர்ல ஒரு சின்னப் பையன், கேட்டுட்டு, தன் துப்பாக்கிய எல்லாம் எடுத்து என் வண்டியில வச்சிட்டான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க துப்பாக்கிய அனுப்பிடுங்கம்மா. பணம் வந்துடும். எங்க ஊர்ல துப்பாக்கி ரிப்பேர் பாக்கற ஆள்கிட்ட பிரிச்சுக் காட்டி என்னன்னு பாத்துடறேன். என் வார்த்தைய நம்பி வாங்கியிருக்கீங்க."

இவ்வளவு சுலபமாக லவான் எந்தச் சண்டையிலும் ஜெயித்ததில்லை. ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமையலறை மேஜையில் கிடந்த அந்தக் கனத்த சாமானைத் துண்டு போட்டு மூடிவைத்தாள்.

மறுநாள் அதை ராய்ஸின் கடைக்கு எடுத்துப் போனாள். பண்ணைச் சாமான் விற்கும் கடையின் பின்பகுதியில் துப்பாக்கி மேஜை வைத்திருப்பவன் ராய்ஸ். இணையத்தில் வாங்குகிற துப்பாக்கி நேரே வீட்டுக்கு வராது. உரிமம் உள்ள இவனைப் போன்ற ஒருவனிடம் வந்து, ஆளைச் சரிபார்த்த பிறகுதான் கைக்கு வரும். டெல்மர் அனுப்பியதும் இவனிடம்தான் வந்தது. அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவள் திருப்பிக் கொடுத்த காலணி இவன் கடையில் வாங்கியதுதான்.

"வா தாயே, இதையும் திருப்ப வந்துட்டியா?" என்றபடி ரிவால்வரை வாங்கி, குதிரையைப் பின்னால் இழுத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தான். "லவான், இது தேஞ்சு போனதில்ல. தோட்டாவக் குத்தற ஊசிய யாரோ அரத்தால ராவியிருக்காங்க. அவசரமில்லாம, பொறுமையா. ராவின இடம் பளபளன்னு தெரியக்கூடாதுன்னு கறுப்பு வேற தடவியிருக்காங்க. இது தோட்டாவத் தொடவே தொடாது. பொம்மைதான் இது."

லவானுக்கு உச்சிவரை ஏறியது. கொட்டகை, கெட்ட தோட்டா, சின்னப் பையன், எல்லாம் புளுகு! கெட்ட சாமானைத் தள்ளிவிட ஒருத்தன் கடவுளையும் சேர்த்தல்லவா விற்றிருக்கிறான்! நேற்று ராத்திரி இவனுக்காகவா பட்டினி கிடந்தோம் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ராய்ஸ் முன்னாலேயே டெல்மரின் எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஒரு பெண்.

"அவரு தீவனம் வாங்கப் போயிருக்காரு. நான் அவரு வீட்டுக்காரி, ஃபெர்ன். என்ன விஷயம்னு சொல்லுங்க."

லவான் கொட்டித் தீர்த்தாள். ஏமாற்றுக்காரன் என்றாள், போலீஸ் என்றாள், உள்ளே ஊசியை ராவி வைத்துக்கொண்டு கதை விடுகிறாரா என்றாள். மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் வந்தது.

"ராவினது அவரில்லம்மா," என்றாள் ஃபெர்ன். "நான்."

லவான் ராய்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"அந்த வருஷம் அவரு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சாரு. சேணத்தக் குடுத்தாரு. நாயக் குடுத்தாரு. நாயக் குடுத்தப்பதான் எனக்குப் புரிஞ்சுது. துப்பாக்கிய ஒளிச்சு வச்சா வேறொண்ணு வாங்கிடுவாரு, இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்? அதான், அவரு வயலுக்குப் போன நேரமாப் பாத்து ராவினேன். அப்புறம் தினமும் காத்துக்கிட்டே இருந்தேன். ஒருநாள் முகமெல்லாம் வெளுத்துப்போய் உள்ள வந்து, சாப்பாடு போடுன்னாரு. போட்டேன்."

"அவருகிட்ட ஏன் சொல்லல?" லவானுக்குத் தன் குரலே யாருடையதோ போல இருந்தது.

"முதல்ல பயம். அப்புறம் அவரு எழுந்து நடமாட ஆரம்பிச்சிட்டாரு. கடவுள் தன்னைக் கைவிடலன்னு நாலு பேர்கிட்ட சொல்லிச் சொல்லித்தான் மனுஷன் நடமாடறாரு. இல்ல, அது நான்தான்னு சொல்லி அதையும் புடுங்கிடவா?" குரல் சட்டென்று தாழ்ந்தது. "தயவுசெஞ்சு அத இங்க திருப்பி அனுப்பிடாதீங்க. எங்க ஊர் ஆள் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான். வண்டிச் சத்தம் கேக்குது. வச்சிடறேன்."

"என்ன, பணம் வருதாமா?" என்றான் ராய்ஸ்.

லவான் அங்கே கிடந்த தீவன மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். நாயைக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, அரத்தை எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் ஒரு கண் வைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்து ராவுவதை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. "இதுக்குப் புது ஊசி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. காசு யாரு குடுக்கறது?"

"நான்."

ராய்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"போட்டுக் குடு. ராவியிருந்ததுன்னு ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டே, அவ்வளவுதான்." வேலை முடிந்ததும், பழைய தோட்டா போட்டது தன் தவறு, துப்பாக்கி நன்றாக இருக்கிறது, திருப்பப் போவதில்லை என்று டெல்மருக்கு எழுதி அனுப்பிவிட்டாள். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

டெல்மர் அத்தோடு விடுகிற ஆளில்லை என்பது சனிக்கிழமை தெரிந்தது. ராய்ஸ் போன் செய்தான்: "உன் ஆள் வந்து நிக்கறாரு. கையில பணக் கவர். பொம்பள ஒருத்தி மனசு இளகிப்போய்ப் பொய் எழுதற மாதிரி இருந்துச்சாம், நேர்ல பாக்கணுமாம்." லவான் ரிவால்வரோடு விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். கடை வாசலில் சேறு படிந்த வண்டி நின்றது. முன்னிருக்கையில் நரைத்த தலைமுடிப் பெண் ஒருத்தி மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லவான் நடையைத் தளர்த்தினாள். ஒரு வார்த்தை பேசிவிடலாம். அதற்குள் ஓங்குதாங்கான கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றியபடி கதவைத் திறந்து எதிரே வந்துவிட்டார்.

"நீங்கதானே? அவ ஃபெர்ன், இறங்கமாட்டா. கூட வருவேன்னு அடம் பிடிச்சு வந்தா, ஆனா துப்பாக்கி இருக்கற இடத்துக்குள்ள வரமாட்டாளாம். வாங்க உள்ள."

உள்ளே போய், ராய்ஸின் முன்னால், லவான் சொன்னாள். "தப்பு என்மேலதாங்க. துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ராய்ஸுக்கு இருமல் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவன் காத்திருந்த வாக்கியம் அது. வந்த நேரத்தில் அனுபவிக்க முடியவில்லை.

டெல்மர் அவள் முகத்தையே பார்த்தார். "எனக்காக இரக்கப்பட்டு ஓட்டைத் துப்பாக்கிய வச்சுக்காதீங்கம்மா. ஒரே ஒரு தடவ என் கண்ணு முன்னால சுட்டுடுவோம். வெடிச்சா கவர் என்னோட, வெடிக்கலேன்னா கவர் உங்களோட."

லவானுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. ஊசிதான் புதிது ஆயிற்றே! வெடிக்கும். மனுஷன் சந்தேகம் தீர்ந்து வீட்டுக்குப் போவார். தானும் ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி ஆகும். மூவரும் பின்பக்கம் மண்மேட்டுக்குப் போனார்கள். டெல்மர் ஒரு தோட்டாவைப் போட்டார். இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினார். வெகுநேரம் அப்படியே நின்றார். லவான் காதைப் பொத்திக்கொண்டாள்.

வெடித்த வெடியில் கூரைமேல் இருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. டெல்மர் ஒரு அடி பின்வாங்கி, கையைத் தாழ்த்தி, மண்ணைப் பார்த்தபடி நின்றார். பிறகு கன்னத்தில் நீர் வழிய வழியச் சிரித்தார். "பாத்தீங்களா? நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னேனே. அந்த ஒண்ணு, அந்த ஒரே ஒரு தோட்டாதான்..."

வாசல் பக்கம் வண்டிக் கதவு படாரென்று திறக்கிற சத்தம் கேட்டது. லவானுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊசி மாற்றியதை ஃபெர்னிடம் சொல்லவேயில்லை.

கடையின் பக்கவாட்டில் ஃபெர்ன் ஓடிவந்தாள். ஒரு காலில் காலணி இல்லை. கைப்பை எங்கோ விழுந்திருந்தது. லவானையும் ராய்ஸையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கணவனின் தலையை இரண்டு கைகளாலும் பற்றினாள். நெற்றி, காது, பிடரி என்று தடவித் தடவிப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள்.

"ஏய், என்ன இது, மண்ணுலதான் சுட்டேன்," என்றார் டெல்மர், இன்னும் சிரித்தபடி. "ஒண்ணுமில்ல ஃபெர்ன். பாரு, நல்லா இருக்கேன்."

"அது வெடிக்காதே," என்றாள் அவள். "அது வெடிக்காதே டெல்மர். அது எப்படி வெடிச்சுது?"

டெல்மரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அவர் கையிலிருந்த ரிவால்வரைப் பார்த்தார். லவானைப் பார்த்தார். லவான் தரையைப் பார்த்தாள். ஃபெர்னுக்கு இது எதுவும் தெரியவில்லை. அவள் விரல்கள் அவருடைய நரைமுடிக்குள் இன்னும் எதையோ தேடிக்கொண்டே இருந்தன.