பனிக்குகைக்கு வெளியே நின்றவள்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதாதே என்றாள் என் அண்ணி கோலந்தாம். "உள்ள வராதவ என்னத்தை எழுதுவே?" என்றாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் இது தொடங்கியது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஜாக்ரோஸ் மலையில் பக்தியாரி இன மேய்ப்பர்களின் கோடை என்பது…' வேண்டாம். உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். எங்கள் மேய்ச்சல் மேட்டுக்கு மேலே, நடுக்கோடையிலும் உருகித் தீராத ஒரு பனிக்குகை இருக்கிறது. போன கோடையில் என் அண்ணன் பஹ்மன், வழிதவறிய ஆட்டைத் தேடி அதற்குள் போனான். பனிக்கூரை இடிந்தது.

ஆடு வெளியே வந்துவிட்டது.

2

(ஆண்கள் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலிருந்து சரிந்ததால் நிறுத்தினார்கள். பிறகு குளிர்காலம் குகையின் வாயை மூடிவிட்டது. இதை விரிவாக எழுதிப் பார்த்தேன். அம்மாவின் குரல் அதற்குள் வந்ததும் கிழித்துவிட்டேன்.)

இந்தக் கோடையில் குகையின் வாய் மறுபடி திறந்தது. அம்மா கூடாரத்தில் அண்ணியையும் என் தம்பி ஃபராமர்ஸையும் உட்கார வைத்தாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. அவன் அங்க கிடந்தான்னா அழுது முடிச்சுடறேன். அப்புறம் உன்னை இவனுக்குக் கட்டி வைக்கிறேன்."

"இவனுக்கா?" என்றாள் அண்ணி. "இவனைக் கழுதையே மதிக்காது."

"அண்ணி சுடற ரொட்டிய நாய் மோந்து பாத்துட்டுப் போயிடுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றான் தம்பி.

இருவரும் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பை நம்பவில்லை. ஃபராமர்ஸ் அவளை விரும்பினான் என்று எழுதினேன், அடித்தேன். அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

3

வெள்ளிக்கிழமை. இஸ்பஹான் நகரத்திலிருந்து வந்த குடும்பங்கள் குகையிலிருந்து வழியும் நீரில் தர்பூசணியைப் போட்டுவிட்டுக் கபாப் சுட்டுக்கொண்டிருந்தன. நான் கழுதைகளைப் பிடித்துக்கொண்டு வாயிலில் நின்றேன். அவர்கள் இருவரும் குகையின் நீல வெளிச்சத்துக்குள் நடந்து

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் காதால் கேட்டதுதான்.)

உள்ளிருந்து குளிர்காற்று விட்டு விட்டு வந்தது, தூங்குகிறவரின் மூச்சைப்போல. பிறகு அண்ணியின் குரல், தணிந்து, வீட்டுச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது: மழை பொய்த்தது, ஆட்டு மயிர் கத்தரித்தது, அம்மாவின் மூட்டுவலி. ஃபராமர்ஸுக்கு இதெல்லாம் தெரிந்ததுதானே. பதிலுக்குக் காத்திருப்பவளைப்போல நடுநடுவே நிறுத்தினாள். ஒருமுறை வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கழுதைகள் பின்வாங்கின.

அவர்கள் வெளியே வந்தபோது தம்பியின் உதடுகள் வெளுத்திருந்தன.

"ஒண்ணுமில்லக்கா," என்றான்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அண்ணியும்.

அவள் தோள் வெறுமையாக இருந்தது. "சால்வை எங்க அண்ணி?"

"உள்ள குளிருதுல்ல."

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பஹ்மன் பனிச்சுவருக்குள் கண் திறந்தபடி நிற்கிறான். பார்த்த இருவரும் மறைக்கிறார்கள். இன்னொன்றில் அங்கே யாருமே இல்லை; அண்ணி வெறும் பனியோடு பேசினாள், தம்பி தடுக்கவில்லை. (வேறொன்றும் எழுதினேன். அதை அடுப்பில் போட்டுவிட்டேன்.)

நடந்தது வேறு. அம்மா அழவில்லை, கல்யாணமும் நடக்கவில்லை. ஃபராமர்ஸ் கட்டட வேலைக்கென்று இஸ்பஹானுக்குப் போய்விட்டான். அண்ணி வெள்ளிதோறும் தனியே மேலே ஏறுகிறாள்.

நேற்று இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மாவு பிசைந்தபடியே கேட்டாள்.

"எல்லாம் சரிதான். அவரு பேசினதை மட்டும் விட்டுட்டியே."

"எனக்கு எதுவும் கேக்கலையே அண்ணி."

"வெளிய நின்னா எப்படிக் கேக்கும்? நாளைக்கு நீயும் வா. எப்பப் போனாலும் உன்னைத்தான் விசாரிக்கிறாரு."

5

இன்று வெள்ளிக்கிழமை. கூடாரத்துக்கு வெளியே அண்ணி என்னைக் கூப்பிடுகிறாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டுவிட்டாள். நான் போனேனா, போய் மறுபடி வாயிலிலேயே நின்றேனா என்பதை உங்களிடம் விடுகிறேன். ஆனால் உள்ளே போனேன் என்று நீங்கள் எழுதினால், என்னை வெளியே கொண்டுவரும் வாக்கியத்தையும் நீங்களேதான் எழுத வேண்டும்.