செவலையின் போர்வை

பொலிகுதிரையின் விந்தைக் குளிர்பெட்டியில் வைத்தால், அது பெட்டியில் இருக்கும் வரை குதிரைக்கும் குளிரும். அதனால் சத்தியமங்கலத்தில் குதிரை வைத்திருக்கிற வீடுகளில் ஒரு கம்பளிப் போர்வையும் இருக்கும். எங்கள் செவலையினுடையது பச்சைக் கட்டம் போட்டது. அந்தியூர்ச் சந்தையில் என் மனைவி துளசிமணி தொட்டுத் தொட்டுப் பார்த்து வாங்கியது.

வேலை பெரிதில்லை. காலையில் டாக்டர் வந்து விந்தை எடுப்பார். ஆடை நீக்கிய பாலில் அதைக் கலந்து, குழாயில் ஊற்றி, மெதுவாகக் குளிரவிட்டு தெர்மாகோல் பெட்டியில் வைப்போம். ஐஸ் பை குழாயின் மேல் நேராகப் படக் கூடாது. நடுவில் ஒரு துணி மடித்து வைப்பது துளசிமணியின் வேலை. உறையாமலும் சூடேறாமலும் இரண்டு நாள் தாங்கும். அதற்குள் பெட்டைக்குச் சினை ஊசி போட்டுவிட்டால் குதிரைக்குக் குளிர் விட்டுவிடும். போடாமல் கெட்டுப்போனால் விடாது. பவானியில் ஒரு கறுப்புக் குதிரை அப்படித்தான் சித்திரை வெயிலிலும் போர்வையோடு நிற்கிறது. வளர்த்தவர்களையே அதற்கு அடையாளம் தெரிவதில்லை.

அந்த ஆவணியில் பெட்டி தாளவாடிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே சிவமல்லப்பா என்பவரின் பெட்டைக் குதிரை கௌரி பருவத்துக்கு வந்திருந்தது. பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். துளசிமணி செவலைக்குப் போர்வையைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸு பண்ணாரி கோயிலுக்கு வந்திருச்சுங்களா?” என்றாள்.

செவலை தலையைத் தாழ்த்தி அம்மனைக் கும்பிட்டது.

“இப்பத்தான்” என்றேன்.

அடுத்தது திம்பம் மலை. கொண்டை ஊசி வளைவுகளில் செவலை இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. விழுந்துவிடாமல் துளசிமணி வளைவுக்கு வளைவு பக்கம் மாறிப் போய்த் தோள் கொடுத்தாள்.

“டிரைவர் வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருப்பானாட்ட இருக்குது. என்னமா ஒடிக்கறான் பாருங்க.”

தாளவாடி சேர்ந்ததும் செவலை அமைதியாகிவிடும் என்று நினைத்தோம். மாறாக, மேளத்துக்குப் போடுவதுபோலக் குளம்பால் தாளம் போட்டது. கொள்ளைத் தொடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வயதானவர் யார் போனாலும் தலை குனிந்தது. துளசிமணி அதன் பிடரியை முகர்ந்தாள்.

“சந்தனமுங்க. நெய் வாசமும் வருது. ஏனுங்க, இவன் கல்யாண மண்டபத்துல இருக்கறானுங்க.”

எங்கள் ஊர் மல்லிகையும் அதே தெர்மாகோல் பெட்டியில், அதே ஐஸ் வைத்து, அதே பஸ்ஸில்தான் போகும். நான் சிவமல்லப்பாவுக்குப் போன் போட்டேன்.

“பெட்டி வந்துச்சுங்க” என்றார் அவர். “தொறந்தா மல்லியப்பூ. மொறை செஞ்சிருக்கீங்கன்னு நெனச்சு கௌரிக்கு வெச்சுவிட்டேன். கண்ணுபடற மாதிரி இருக்கறா.”

“குழாய்?”

“குழாய் ஒண்ணும் காணமுங்களே.”

போர்வைக்குள் செவலைக்கு வியர்க்க ஆரம்பித்தது. அடுத்த வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் துளசிமணியைப் பார்த்தது. அவள் அதன் காதில் “செவலை, செவலை” என்று அதன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சிவமல்லப்பா மண்டபத்துக்குப் போனார். பால் பழம் கொடுக்கிற பால் என்று பெட்டியை மணவறைக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார்கள். குழாயை மறுபடி ஐஸில் வைக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கேட்டார்.

“எங்க பூவைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார் பெண்ணின் அம்மா.

“பூவை அவ தலையில இருந்து எடுக்க விட மாட்டீங்கறா.”

“அப்ப அவளையே கூட்டிட்டு வாங்க. எங்களுக்குப் பூ மண்டபத்துல இருந்தாப் போதும்.”

மறுநாள் முகூர்த்தத்துக்குக் கௌரி பூவோடு போய் நின்றது. கெட்டிமேளம் கொட்டும்போது சமையல் கொட்டகைக்குப் பின்னால் அந்த ஊர் டாக்டர் சினை ஊசி போட்டார். இங்கே செவலை நீளமாக ஒரு மூச்சு விட்டு, துளசிமணியின் தோளில் தாடையை வைத்துக்கொண்டது. அவள் போர்வையின் முடிச்சை அவிழ்த்தாள்.

“இனி இவனை வாடா போடான்னு சொல்லக் கூடாதுங்க. கல்யாணம் ஆனவரு.”

அன்றிலிருந்து நாங்கள் மரியாதையாகத்தான் பேசினோம். ஐப்பசியில் சிவமல்லப்பா தாம்பூலத் தட்டோடு வந்து தலை தீபாவளிக்கு அழைத்தார். செவலை பஸ்ஸில் ஏற முடியாது என்பதால் ஒரு குழாயைப் பெட்டியில் வைத்து, மேலே புது வேட்டி சுற்றினோம். துளசிமணி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். முந்தின ஊசியில் கௌரிக்குச் சினை பிடிக்காததால், இதை அங்கே போட்டுவிடுவதாக ஏற்பாடு. அந்த முறை வளைவுகளில் நான் தோள் கொடுத்தேன். அவர் நல்ல கனம். அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

கௌரி போட்ட குட்டி மல்லிகை வாசம் அடித்தது. அதற்கும் இப்போது பல் விழுந்து முளைத்துவிட்டது.

துளசிமணி தவறியபோது, வெளிநாட்டிலிருந்து மகள் வரும் வரை அவளைக் கண்ணாடிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். எனக்குக் குளிரெடுத்தது. தாளவாடியிலிருந்து வந்திருந்த சிவமல்லப்பா, கொட்டிலுக்குப் போய்ப் பச்சைக் கட்டம் போட்ட போர்வையை எடுத்துவந்து எனக்குப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார். காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

எல்லாம் முடிந்து ஊர் கலைந்த பிறகும் குளிர் விடவில்லை. நேற்று சாயங்காலம் கொட்டிலில் நின்றிருந்தபோது என் தலை தானாகத் தாழ்ந்தது. துளசிமணி பண்ணாரி வந்திருப்பாள். சற்று நேரத்தில் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. செவலை தின்றுகொண்டிருந்த கொள்ளை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார்.