கேசட்டின் இரண்டாம் பக்கம்

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்கும் ஓய்வு என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. மைசூர் சரஸ்வதிபுரம் பிரவுசிங் சென்டரில் மூன்று மானிட்டர்களும் குங்குமம் வைத்துக்கொண்டு, சாமந்திச் சரத்தோடு மாப்பிள்ளைத் தோரணையில் உட்கார்ந்திருந்தன. பாக்கியலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பூஜை ஆயிடுச்சு மேடம். நாளைக்கு வாங்க, மொதல் கஸ்டமர் நீங்கதான்" என்றார் கடைக்காரர் லிங்கப்பன்.

"ஒரே ஒரு மெயிலுங்க. நேத்து பூரா கரண்ட் இல்லைன்னீங்க. இன்னைக்கு சாமியா?"

"ஸ்வல்ப யோசனை பண்ணுங்க மேடம். கும்பிட்டு வெச்சதை எப்படி எடுக்கறது?"

அவள் சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவள். லண்டனில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மைசூரிலிருந்தே, சம்பளமில்லாத பயிற்சியாளராக வேலை செய்கிறாள். அவள் முகத்தை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. மலேசிய ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் தங்கள் குறைகளைக் கேசட்டில் பேசுவார்கள். கேசட் லண்டன் போய், லண்டனிலிருந்து மைசூருக்கு வரும். அவள் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, லண்டனுக்கே அனுப்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான், இருந்தாலும் செய்தாள்.

இந்த முறை வந்தது சென்னம்மாவின் கேசட். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்கிறார்கள். நாளைக்குக் கோர்ட். அந்த அம்மாவின் குழந்தையைப் புதைத்த இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதை விட்டுப் போக மாட்டேன் என்பதுதான் அவள் சொன்னதன் சாரம். கேட்டுக் கேட்டு அழுதபடிதான் பாக்கியலட்சுமி எழுதி முடித்தாள். இது இன்றே போகாவிட்டால் அந்த மண்ணின் மேல் புல்டோசர் ஏறும். இந்த மனுஷனோ சாமந்தியைச் சரி செய்துகொண்டிருக்கிறார்.

தெருவெல்லாம் உடைத்துப் போட்ட பூசணிக்காய். வழுக்காமல் நடந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். அங்கே போனுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆனால் பண்டிகை நாளில்தான் நல்ல வியாபாரம் என்பதால் அதற்கு மட்டும் ஓய்வில்லையாம். லண்டனில் இன்னும் விடிந்திருக்காது. கேசட் அட்டையில் தோட்டத் தொழிலாளர்களின் மலேசிய வக்கீல் ஆபீஸ் நம்பர் இருந்தது. அதையே சுழற்றினாள்.

நல்ல ஆங்கிலமாகத் தேர்ந்தெடுத்து இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள்.

"தமிழ்லயே சொல்லும்மா" என்றது எதிர்முனை. "நான் குமாஸ்தா அய்யாவு."

சென்னம்மா கேசட்டின் மொழிபெயர்ப்பு தன்னிடம் இருப்பதைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"அதெல்லாம் நாங்களே கேட்டு, போன வாரமே இங்கிலீஷ்ல குடுத்துட்டோம். எங்க வக்கீலும் தமிழர்தான். நீங்க எழுதறது லண்டன்காரங்களோட ஆண்டறிக்கைக்கு. அவங்க சொல்லலையா?"

சொல்லவில்லை. 'இன்றே முடியுமா' என்று மட்டும் தினம் ஒரு மெயில் போட்டார்கள். ஆறு மாதமாக ஆண்டறிக்கைக்கா உட்கார்ந்து அழுதோம் என்று நினைத்தாள். லண்டன் மட்டும் பக்கத்துத் தெருவாக இருந்திருந்தால் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள்.

"கவலைப்படாதீங்க, கம்பெனி சமாதானத்துக்கு வந்துட்டாங்க. கொஞ்ச தூரத்துல எல்லாருக்கும் புது வீடு. நாளைக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"சென்னம்மாவுமா?"

"அவங்க மட்டும் வாயைத் திறக்கமாட்டேங்கறாங்க. எல்லாம்தான் கேசட்ல சொல்லிட்டேனேங்கறாங்க. வீடு, சம்பளம், எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. இன்னும் என்ன வேணும்னு புரியலை."

"புள்ளையப் பொதச்ச எடத்தை என்னங்க பண்ணப்போறாங்க?"

எதிர்முனையில் காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எந்தப் புள்ளை?"

"ரெண்டாவது பக்கம் கேக்கலையா நீங்க?"

"போட்டோமே. ஏதோ பாட்டுன்னு நிறுத்திட்டோம்."

"அது தாலாட்டுங்க" என்றாள் பாக்கியலட்சுமி. "அதைப் பாடி முடிச்சிட்டுத்தான் அந்த அம்மா பேசவே ஆரம்பிக்கறாங்க."

அய்யாவு யாரிடமோ பேனா கேட்பது கேட்டது. "சொல்லும்மா. எழுதிக்கறேன்."

பக்கம் பக்கமாக எழுதிய ஆங்கிலத்தை அவள் மடித்து வைத்தாள். அது இப்போது யாருக்கும் வேண்டாம். சென்னம்மா சொன்னது சொன்னபடியே மனப்பாடமாக இருந்தது.

"'வீடு எங்க வேணாலும் குடுங்க சாமி. நான் போயிட்டா எம்புள்ள தனியா இருக்குமே.'"