நிதி அலுவலகத்துக்கு நடந்துபோன லேத்

நான்காவது முறையாக நிதி மறுக்கப்பட்ட கடிதம் வந்த மறுநாள், காலை இரண்டாம் பாடவேளையில், அரசுப் பள்ளியின் தொழிற்கல்விப் பட்டறையிலிருந்த லேத் இயந்திரம் தன்னைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்து போனது. யாரும் அதைத் தள்ளவில்லை. மின்சாரமும் அப்போது கிடையாது. காலை நேரத்தில் அந்தத் தெருவில் மின்சாரம் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரும்பைச் சுழற்றிக் கடையும் அந்த இயந்திரத்துக்குக் கால் என்று எதுவும் இல்லை. வார்ப்பிரும்புப் பீடத்தின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி முன்னால் வைத்து, இடுப்புப் பிடித்துக்கொண்டவர் மாதிரி அசைந்து அசைந்து போனது. பட்டறை டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார். இருப்புப் பதிவேட்டில் அது அவர் பொறுப்பில் இருந்தது. தொலைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

லேத்துக்குக் கோபம் வந்ததைப் பற்றி ஊரில் யாரும் வியக்கவில்லை. இத்தனை நாள் எப்படிப் பொறுத்தது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பள்ளிகளில் தொழிற்கல்வியும் தொழில்நுட்பமும் கற்றுத்தர அரசு ஆண்டுதோறும் நிதி அறிவிக்கும். டீச்சரும் ஆண்டுதோறும் விடுமுறையைத் தின்னக் கொடுத்து விண்ணப்பம் எழுதுவார். புதிய இயந்திரங்கள் கேட்பார், கணினி கேட்பார், அதெல்லாம் முடியாவிட்டால் பழைய லேத்தின் சுழலும் தலையை மூட ஒரு காப்பு மூடியாவது கேட்பார். கிணற்றில் போட்ட கல்லாவது தொபுக்கென்று ஒரு சத்தம் போடும். முதல் ஆண்டு பதிலே இல்லை. அடுத்த ஆண்டு, ஏதாவதொரு தொழிற்சாலை கைகோக்கச் சம்மதித்த கடிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். டீச்சர் வெயிலில் அலைந்து ஒரு பம்பு தயாரிப்பாளரிடம் அந்தக் கடிதத்தை வாங்கி வைத்தார். அதற்கடுத்த ஆண்டு, இங்கே பயின்றவர்கள் நவீன இயந்திரங்களில் வேலை பார்க்கும் சான்று எங்கே என்று கேட்டார்கள். நவீன இயந்திரம் கேட்டுத்தானே விண்ணப்பமே. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு சொல்பவர் நிதி அலுவலகத்தின் துணை இயக்குநர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதனால் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் அவருக்குப் பெயரே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. ஆள் கெட்டவர் இல்லை, லஞ்சம் வாங்காதவர், நாற்காலியில் துண்டு விரித்து நிமிர்ந்து உட்காருபவர் என்று சொல்வார்கள். நான்காம் விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்த மழைக்காலத்தில்தான் லாரி டிரைவரின் மகள், பதினொன்றாம் வகுப்பில் முதல் வரிசையில் நின்று கடைசல் பழகியவள், மூடியில்லாத அந்தச் சுழல்தலையில் வலது கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அப்பா டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என் பொண்ணு விரலுக்கு யாரு பதில் சொல்றது டீச்சர்?"

"நானும் அதைத்தாண்ணே நாலு வருஷமா எழுதிக் கேட்டுட்டு இருக்கேன்."

"எழுதினா?" என்றார் அவர். டீச்சருக்கு அந்த ஒரு சொல் அறை வாங்கியது போல இருந்தது. அந்த அப்பா கத்தியிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பார்.

அவள் கைக்கட்டுப் பிரிக்கும் முன்பே நான்காம் பதில் வந்தது. விபத்து நிகழ்ந்த, பாதுகாப்பற்ற பட்டறைகளுள்ள பள்ளிகளுக்கு நிதி வழங்க விதிகளில் இடமில்லை என்றிருந்தது. டீச்சர் அதைப் பட்டறையில் நின்று உரக்கப் படித்தார். படித்துவிட்டு மடிக்காமல் லேத்தின் மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதைச் செய்திருக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் பிற்பாடு சொன்னார்.

லேத் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு பெரிய சாலைக்கு வந்ததும் பேருந்துகள் ஒதுங்கி நின்றன. சரக்கு ஏற்றப் போய்க்கொண்டிருந்த லாரி டிரைவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். என்ன ஏதென்று கேட்காமல் வண்டியைத் திருப்பி, அதற்குப் பின்னால் சிவப்பு விளக்கை மின்னவிட்டபடி நடை வேகத்தில் ஓட்டினார். பாலத்து ஏற்றத்தில் இயந்திரம் கொஞ்சம் மூச்சு வாங்கியது. டீச்சர் கைப்பையிலிருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து அதன் மூட்டுகளில் விட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து ஊழியர்கள் பல் குத்திக்கொண்டு திரும்பும்போது அது நிதி அலுவலகத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தது. படிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. துணை இயக்குநரின் அறைக்குள் போய், மேசைக்கு நேர் எதிரே, விண்ணப்பதாரர்கள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டது.

மறுநாள் கிரேன் வந்தது. கம்பி வடம் அறுந்தது. போலீஸ் வந்து, இரும்பின் மேல் என்ன வழக்குப் போடுவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனது. கடைசியில், மேற்படி இயந்திரம் மாற்றுப் பணியில் அலுவலகத்துக்கு வந்துள்ளதாக ஒரு உத்தரவு போட்டு விஷயத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அரசில் எதற்கும் ஒரு வழி உண்டு. உத்தரவின் நகல் கிடைத்ததும் டீச்சர், இயந்திரம் இருக்கும் இடம்தானே பட்டறை என்று சொல்லி மொத்த வகுப்பையும் அங்கே கூட்டிவந்தார். லாரி டிரைவர் ஏற்றிவந்து இறக்கினார். கடைசியாக இறங்கியவள் அவர் மகள்.

அறைக்குள் நுழைந்ததும் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். லேத்தின் சுழல்தலைக்கு மேல் புத்தம் புதிய காப்பு மூடி. மஞ்சள் பெயிண்ட் இன்னும் வாசம் போகவில்லை. அறையில் அமரும் அலுவலர்களின் பாதுகாப்பு கருதி அவசரமாக வாங்கிப் பொருத்தியது என்று பிரிவு எழுத்தர் பெருமையாகச் சொன்னார். லேத் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தப் பெண் கிட்டே போனாள். மூடியை இடக்கையால் தூக்கிப் பார்த்தாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். சோற்றுப்பானை மூடியைவிடக் கொஞ்சம் பெரிது.

"இவ்வளவுதானா டீச்சர் அது?"

டீச்சர் துணை இயக்குநரின் மேசையை நெருங்கினார். மேசை மேல் பதித்திருந்த கண்ணாடி அவர் எதையும் தொடாமலே குறுக்கே விரிசல் விட்டது. மேசையில் கிடந்த பேனாக்களின் மை எல்லாம் கொதித்து வழிந்தது. அவர் குரல் மட்டும் தாழ்ந்தே இருந்தது.

"சார், இதைத்தான் கேட்டோம். நாலு தடவை கேட்டோம். உங்க உசுருன்னதும் உடனே வந்துடுச்சு. புள்ளைங்க விரல்னா விதியில இடமில்லையா?"

துணை இயக்குநர் எழுந்தார், உட்கார்ந்தார். வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது.

"பார்க்கலாம்மா, பார்க்கலாம்."

அந்தப் பெண் வலக்கையை விரித்து அவர் மேசை மேல், விரிசல் விட்ட கண்ணாடியின் மேல் வைத்தாள்.

"பாருங்க சார்."

அவர் பார்க்காமலிருக்கப் பார்த்தார். முடியவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. இமை மூட மறுத்தது. அலுவலக நேரம் முடியும் வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் எடுக்கவில்லை. பிரிவு எழுத்தர் விளக்கை அணைக்க வந்தபோது துணை இயக்குநரின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அதைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வரவில்லை. லாரி டிரைவர் வாசல் நிலையில் சாய்ந்தபடி, "அழுதா போதுமா சார், கையெழுத்துப் போடுங்க," என்றார். மேசையிலிருந்த பேனாக்களில் மை இல்லை. டீச்சர் தன் சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். அன்று கையெழுத்தான தொகையில் பாதிக்கு மேல் வரும் வழியிலேயே கரைந்துவிட்டது. வந்ததைக் கொண்டு டீச்சர் இரண்டு இயந்திரங்கள் வாங்கினார், இரண்டும் மூடியோடு. அந்தப் பெண் இடக்கையால் கடைசல் பழகித் தேறி, பம்பு தயாரிப்பாளரிடமே வேலைக்குப் போனாள். டீச்சரின் கோபம் தணியவில்லை. தணியக் கூடாது என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். அவர் கையில் கொடுத்த தண்ணீர் கடைசிவரை வெந்நீராகிக்கொண்டேதான் இருந்தது.

துணை இயக்குநர் ஓய்வு பெற்றுப் போனார், அவருக்குப் பின் வந்தவரும் போனார். அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றப் பள்ளிகளின் இயந்திரங்களும் வரத் தொடங்கின. மகளிர் பள்ளியிலிருந்து தையல் இயந்திரங்கள் வரிசையாக வந்தன. உயிர்போன கணினிகள் மூட்டையாக ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு வந்தன. மலையடிவாரப் பள்ளியின் துளையிடும் இயந்திரம் வெள்ளத்தில் மாட்டி, துரு ஏறி, அடுத்த கோடையில்தான் வந்து சேர்ந்தது. வாயிற்காவலர் எந்தப் பள்ளி, எத்தனை முறை மறுத்தார்கள் என்று விசாரித்து, கனமானவற்றை நிழலிலும் இலேசானவற்றைத் தாழ்வாரத்திலும் நிற்கச் சொல்வார். இடம் போதாமல் போனதும் அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். மாடி வைக்கவில்லை, படிக்குப் பதில் சாய்தளம் போட்டார்கள், வாசலை ஒரு லேத் தாராளமாக நுழையும் அகலத்துக்கு விட்டார்கள். கட்டிய கொத்தனார் எதற்கு இவ்வளவு அகலம் என்று கேட்கவில்லை.