முந்திரித் தோப்பில் இரண்டு வடக்கு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் கேட்டு, நான் மழுப்பி, எதற்கு வம்பு? வழி தவறித்தான் கிடைத்தது. குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் புறப்பட்டவன், போனில் பேசுகிற அந்த அம்மாள் சொன்ன இடத்தில் எல்லாம் பவ்வியமாகத் திரும்பி, ஒரு முந்திரித் தோப்பின் நடுவில் போய் நின்றேன். வந்து சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்று இங்கிலீஷில் அறிவித்துவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். எதிரில் ஒரு வெள்ளாடு நின்றது. அதற்கும் கிரகப்பிரவேசத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்போது ஒரு பைக் வந்தது. ஓட்டியவன் ஜெரால்டு, பின்னால் அவன் மனைவி சோபியா. வழி கேட்டேன். வழியைச் சொல்வதற்கு முன்னால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கதை. கிரகப்பிரவேசப் பந்தி போயே போயிற்று. வடையும் பாயசமும் போன வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

[புறப்படும்போது அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு வந்த பதிலைக் கடைசியில்தான் சொல்வேன். கதைக்காரன் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.]

2

முதல் தொடக்கம்: "நெய்வேலியின் மேல் சூரியன் மெல்ல எழுந்து, முந்திரி இலைகளின்மீது தன் பொற்கதிர்களை—"

எழட்டும். அது அதன் ஷிப்டு. நமக்கு என்ன?

இரண்டாவது தொடக்கம்: "விண்ணில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களின் உதவியால் பூமியில் ஓரிடத்தை—"

இதைப் படித்துக்காட்டியபோது என் மனைவி கொட்டாவி விட்டாள். அடித்துவிட்டேன். வாக்கியத்தைத்தான்.

மூன்றாவது தொடக்கம் நிற்கிறது: கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத சோபியாவும் ஜெரால்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கே குடியிருப்பது என்பதற்குப் பந்தயம் கட்டினார்கள்.

விஷயம் சிரிப்புக்குரியது இல்லை. சோபியா நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். சுரங்கத்தின் சர்வே பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. அந்த வேலையை அவள் ஆசைப்பட்டுப் படித்து, அலைந்து வாங்கினாள். ஜெரால்டுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்தமாக பைக் மெக்கானிக் கடை. அங்கே போனால் இவள் காலை ஷிப்டுக்கு வந்து சேர முடியாது, வேலையை விட வேண்டும். இங்கேயே இருந்தால் அவன் மாமனாரின் குவார்ட்டர்ஸில் வீட்டோட மாப்பிள்ளை. கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேலி பேசுவான். யார் விட்டுக்கொடுப்பது? இருவருக்கும் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே.

3

இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவை என்று நினைத்து சோபியாவின் அப்பா சவரிராஜைக் கொண்டுவந்தேன். சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆள். பெரிய மீசை வைத்துவிட்டேன். மனுஷன் அசையவில்லை. மாப்பிள்ளைக்கு மீன் வாங்க வடலூர் வரை போய் வந்தார். இன்னும் ஒரு துண்டு வையேன் என்று மனைவியை விரட்டினார். வில்லனாக அவர் செய்தது எல்லாம் ஒன்றுதான்: இருமுவார். இரண்டு அறை குவார்ட்டர்ஸில் அவர் இருமினால் புதுமணத் தம்பதி பேச்சை நிறுத்திவிடும். அதனால் அவர்கள் பேசியதே இல்லை. "சாப்பிட்டீங்களா", "ம்", "லைட்ட அணைக்கவா", "ம்". இத்தனை நாள் குடித்தனத்தின் மொத்தப் பேச்சு இவ்வளவுதான்.

ஆனால் முதல் நாள் அவர் சொன்ன ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையைக் காட்டும்போது, "மாப்ள, அந்தப் பக்கம் வடக்கு. தலை வெச்சிப் படுத்துடாதீங்க" என்றார்.*

அவர் கை காட்டியது அறையின் மூலையை. இரண்டு சுவரும் சேருகிற இடம். மூலைக்கு எப்படித் தலை வைத்துப் படுப்பது என்று ஜெரால்டு யோசித்தான். மாமனாரிடம் முதல் நாளே கேள்வி கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

(* வேதக்காரர் வீட்டில், கிறிஸ்தவக் குடும்பத்தில், இதெல்லாம் உண்டா என்று கேட்காதீர்கள். வடக்கே தலை வைக்கப் பயப்படுவதற்கு மதம் கிடையாது.)

4

பந்தயத்துக்குக் காரணம் டவுன்ஷிப்பு பைக் கிளப்பு. வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, தார் ரோட்டை விட்டிறங்கி முந்திரித் தோப்புகளின் வண்டித் தடங்களில் வழி கண்டுபிடித்துப் போகும் போட்டி வைப்பார்கள். ஜோடி ஜோடியாகப் போக வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி சொல்ல. கையில் கட்டம் போட்ட ஒரு வரைபடம் தருவார்கள். ஆறு இலக்க எண்தான் விலாசம்: முதல் மூன்று, கிழக்கே எவ்வளவு தூரம், அடுத்த மூன்று, வடக்கே எவ்வளவு. கூடவே கைக்கு அடக்கமான ஒரு ஜிபிஎஸ் கருவி. அதில் படம் இருக்காது, நிற்கிற இடத்தின் எண்கள் மட்டும் தெரியும். போனைத் தொடக் கூடாது.

டவுன்ஷிப்புக்காரர்களுக்கு இது அல்வா. பிளாக்கு, ரோடு, வீட்டு நம்பர் மூன்றையும் சொன்னால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவார்கள். ஜெரால்டு வேறு ஜாதி வழிப்போக்கன். நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, "அண்ணே, இப்டிப் போனா எங்க போவும்?" என்று கேட்டால்தான் அவனுக்கு வழி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவன் கட்சி.

புறப்படும் இடத்தில், பைக்கை உதைத்துக்கொண்டே அவன்தான் ஆரம்பித்தான். "சோபி, உன் கட்டத்த நம்பி நேரா போய்ச் சேந்துட்டா நாம இங்கியே குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கலாம். வழி தப்புனா எங்க ஊரு. சரியா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். சோபியாவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஆனால் வரைபடம் என்றால் அவளுக்குச் சோறு போடுகிற சமாசாரம். தோற்கவா போகிறோம்?

"சரிங்க" என்றாள்.

5

முதல் இரண்டு இடங்களை அவள் கண்டுபிடித்த அழகை விரிவாக எழுதி வைத்திருந்தேன். நானே மூன்று தடவை படித்து ரசித்தேன். ஆகவே வெட்டிவிட்டேன். எண்ணைப் பார்ப்பாள், கட்டத்தில் விரலை வைப்பாள், "இன்னும் கொஞ்சம் கிழக்கால" என்பாள். அங்கே மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது அவள் பேசினாள் என்பது. வாய் ஓயவில்லை.

"குனிங்க, கிளை வருது. நிமிருங்க. இங்க மணல், கியர கொறைங்க. ஐயோ, அந்த மரத்துல பாருங்க, பழம் எப்படித் தொங்குது. எங்க சர்வே செக்ஷன்ல காந்திமதின்னு ஒரு அக்கா, முந்திரிப் பழம் தின்னுட்டுத் தொண்ட கரகரக்குதுன்னு ஒரு நாள் பூரா ஊமை மாதிரி... லெஃப்ட்டு, லெஃப்ட்டு!"

ஜெரால்டின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தால் என்று அவள் நினைத்தாள்.

மூன்றாவது இடத்துக்கு எண் இல்லை. "முக்கூட்டில் வடக்குத் தடம்" என்று மட்டும் சீட்டில் இருந்தது. முக்கூட்டில் பைக்கை நிறுத்தினான். ஒரு தடம் வந்த வழி. மற்ற இரண்டும் விரல் விரித்தாற்போல் எதிரே பிரிந்தன. சோபியா கருவியைப் பார்க்கவே இல்லை. "இதான் வடக்கு" என்று இடது பக்கத் தடத்தைக் காட்டினாள்.

ஜெரால்டு ஒரு கணம் தாமதித்தான். பிறகு திருப்பினான்.

6

கொஞ்ச தூரம் போய்த்தான் அவள் கருவியைப் பார்த்தாள். வடக்கு எண் ஏறியது, சரி. கிழக்கு எண் குறைந்துகொண்டே வந்தது. வடக்கே போகிறவனுக்குக் கிழக்கு ஏன் குறைகிறது? தடம் வடமேற்கே போய்க்கொண்டிருந்தது.

அப்போது புரிந்தது. அவள் வேலை செய்யும் சுரங்கத்தில் மண்ணை வெட்டிக்கொண்டு எந்தப் பக்கம் முன்னேறுகிறார்களோ அதற்குத் தோதாக வரைபடத்தைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். சாய்ந்த வரைபடத்தின் மேல் பக்கம்தான் அங்கே எல்லாருக்கும் வடக்கு. அந்த வடக்கை சவரிராஜ் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பிள்ளை அதைப் பார்த்தே வளர்ந்தாள். காகிதத்தில் இரண்டு வடக்கும் அவளுக்கு அத்துப்படி. அவசரத்தில் கை பழைய வடக்கையே காட்டிவிட்டது. [என் கதையின் சுரங்கம் இப்படி. நிஜச் சுரங்கத்துக்குப் போய் யாரையும் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.]

அவனுக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியாது. சொல்லாமல் சுற்றி வந்துவிடலாம். வேலை தப்பிக்கும். அந்த ஆசை அவளுக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன்.

"நிறுத்துங்க" என்றாள். "வழி தப்பிட்டோம். நான்தான் தப்பா சொல்லிட்டேன். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

ஜெரால்டு இன்ஜினை அணைத்தான். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"முக்கூட்டுலயே தெரியும். காலையில வெயிலு வலது தோள்ல அடிச்சிக்கினு இருந்தா வண்டி எங்க ஊரு பக்கம், வடக்கால போவுதுன்னு அர்த்தம். நீ சொன்ன பக்கம் திரும்புனதும் முதுவுல அடிச்சிது."

"தெரிஞ்சேவா வந்தீங்க?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஜெயிக்கணும்னு வாய மூடிட்டு வந்திருக்கீங்க."

"ஜெயிக்கணும்னா அங்கியே நின்னு சொல்லியிருப்பேனே. இந்த மணல்ல இன்னாத்துக்குப் பெட்ரோல ஊத்திக்கினு வரணும்?"

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நீ பேசிக்கினே வந்த சோபி. வூட்டுல ஒரு நாளாவது இப்டி பேசியிருக்கியா? உங்கப்பா இருமுனா நாம ரெண்டு பேரும் செவுரு மாதிரி ஆயிடுறோம். இங்க குனிங்கங்கற, நிமிருங்கங்கற, காந்திமதியக்கா கதை சொல்ற. வழி தப்புனா தப்பட்டும், இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கினு போவலாம்னு வந்தேன்."

சோபியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, கடைசியில் விக்கல்தான் எடுத்தது. அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"அதோட," என்றான், "உங்கப்பா மொத நாளே மூலையக் காட்டி வடக்குன்னாரு. அன்னிக்கே புரிஞ்சிபோச்சி. இந்தக் குடும்பத்துக்கு வடக்கு வேற எடத்துல வெச்சிருக்காங்கன்னு."

7

பிறகு என்ன ஆயிற்று? அவள் வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தாள். அவன் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த நாகம்மாள் என்ற அம்மாவிடம் வழி கேட்டான். கட்டமும் வாயும் சேர்ந்து ஒருவழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கிளப்புக்காரர்கள் பேனரை மடித்துக்கொண்டிருந்தார்கள். பிரியாணியில் அடிப்பிடித்ததுதான் மிச்சம். கடைசி ஜோடி இவர்கள்தான்.

ஆனால் பந்தயம்? போய்ச் சேர்ந்தார்கள், ஆகவே குவார்ட்டர்ஸ். வழி தப்பினார்கள், ஆகவே மேல்பட்டாம்பாக்கம். இப்போது எனக்குத் தலைவலி.

முடிவு ஒன்று: ஜெரால்டு டவுன்ஷிப்பில் கடை போட்டு, சவரிராஜின் இருமலுக்கு மருந்தும் வாங்கித் தருகிறான். (பரவாயில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கே—)

முடிவு இரண்டு: சோபியா வேலையை விட்டுவிட்டு மேல்பட்டாம்பாக்கத்தில்— (முடியாது. இந்த வாக்கியத்தை என் பேனா முடிக்காது.)

முடிவு மூன்று: இரண்டு ஊருக்கும் நடுவில் வாடகை வீடு. இருவருக்கும் பாதிப் பாதி பஸ். (நியாயம்தான். நியாயமாக இருப்பதாலேயே கதையாக இல்லை. ஆனாலும் வாடகைக்கு விசாரித்துப் பார்க்கலாம்.)

8

ஆக, நான் தோப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த ஞாயிறு கழிந்து ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் நான் அவர்களைச் சந்தித்தேன். போட்டி எதுவும் இல்லாமலே அவர்கள் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்புக்குள் வந்து வழி தப்பிக்கொண்டிருந்தார்கள். "கடைசியில எங்கதான் குடியிருக்கீங்க? வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில், "வடக்கால" என்றார்கள். கையும் நீட்டினார்கள்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஊர் வடக்கே போனால் மேல்பட்டாம்பாக்கம். சுரங்க வடக்கே போனால் டவுன்ஷிப்பு. அது எனக்கு நன்றாகத் தெரியும், கதையை அப்போதுதானே கேட்டு முடித்திருந்தேன். ஆகவே கைகளைக் கவனித்துப் பார்த்தேன்.

ஊர் வடக்கைக் காட்டியது சோபியா. சுரங்க வடக்கைக் காட்டியது ஜெரால்டு.

ஒருவர் கையை ஒருவர் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார்கள். எனக்குக் கிரகப்பிரவேசத்துக்கு வழி சொன்னார்கள். பைக் புறப்பட்டது. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எட்டிப் பார்த்தேன். முந்திரிக் கிளைகள் மறைத்துவிட்டன. அவள் குரல் மட்டும், "குனிங்க, குனிங்க" என்று கேட்டுக்கொண்டே போயிற்று.

இனி உங்கள் பாடு. இரண்டு வடக்கும் உங்கள் கையில் இருக்கின்றன. எந்த வீடு என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால், குவார்ட்டர்ஸுக்கும் போய்ப் பாருங்கள், மேல்பட்டாம்பாக்கத்துக்கும் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். எந்த வீடாக இருந்தாலும் இருவரும் அங்கே இருக்கமாட்டார்கள்.