வஞ்சிரத்திற்கு இடம்

தவெயுனித் தீவில் வாசெமாதாவின் ஃப்ரீசர் பெட்டிக்குள் பனி குடியேறி இடத்தை வளைத்துப் போட்டிருந்தது. ஆளுயர வஞ்சிரம் நீட்டிப் படுக்கக்கூடிய பெட்டியில் இப்போது இரண்டு சூரை மீன்கள் தோளுரசிக் கிடந்தன.

வியாழன் காலை நாத்தனார் கெலெரா மூடியைத் தூக்கிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, இது ஃப்ரீசரா, இல்ல பனிக்கரடிக்குப் பிரசவம் பாக்கிற எடமா?"

"கேலி போதும், மூடு. ஈரக்காத்து உள்ள போகுது."

"நாளன்னிக்கு எம் பையனுக்கு இருபத்தோரு வயசு விருந்து. தாய்மாமன் சீரா அண்ணன் கொண்டார்ற வஞ்சிரம் தலை, வால் கொறையாம சபைக்கு வரணும். துண்டு போட்டீங்க, எம் மாமனார் வீட்டாளுங்க காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. முழுசா வைக்க எடமில்லேன்னா பெட்டி எங்க வீட்டுக்கு வந்துரும். எங்கப்பா வாங்கினதுதானே?"

வாசெமாதா மூடியைச் சட்டென்று சாத்தினாள். பெட்டி போனால், பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் விற்கும் பழச்சாறு ஐஸும் போகும். கணவன் பிடிக்கும் மீனும் அன்றன்றே அடிமாட்டு விலைக்குப் போகும்.

அவள் மின்சாரத்தை நிறுத்தி, சூரைகளை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே வெந்நீர்ப் பானைகளை இறக்கினாள். கணவன் அபிசாய் வெட்டுக்கத்தியோடு வந்தான்.

"ரெண்டு போடு போட்டா பேந்துரும்."

"பேர்றது பனியில்ல, உள்ள இருக்கிற குழாய்! கத்தியத் தேங்காகிட்ட காட்டுங்க, போங்க."

சென்ற மாதமும் இவ்வாறே உருக்கினாள். பனியோ மீண்டும் வந்தது. ஆகவே இம்முறை உருகுமுன் உற்றுநோக்கினாள். மூன்று பக்கச் சுவர்களில் மெல்லிய படலமே இருந்தது. முன்சுவரில் மட்டும் முழங்கைப் பருமனுக்குப் பனி. அங்கே மட்டும் ஏன்?

மூடியின்மேல் கெலெரா பூவேலை செய்து தந்த விரிப்புக் கிடந்தது. கடற்காற்று தூக்கிவிடாதிருக்க, அதன் முன்விளிம்பை மூடிக்கடியில் செருகி வைப்பது வாசெமாதாவின் வழக்கம். அவ்விளிம்பு ஈரமாய் நனைந்திருந்தது!

நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்து இடுக்கில் வைத்து, மூடியை அழுத்தி மூடி, தாளை இழுத்தாள். பக்கங்களில் தாள் அசையவில்லை. துணியிருந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. துணியை உருவிவிட்டு மீண்டும் வைத்தாள். இப்போது மூடியோர ரப்பர் தாளைக் கவ்விக்கொண்டது.

"ஆகா, அகப்பட்டியா! ஈரக்காத்துக்கு வழி விட்டது நீதானா?" என்று துணியைப் பார்த்துக் கூவினாள்.

பனி முழுதும் உருகியபின் உட்புறத்தைச் சொட்டு ஈரமின்றித் துடைத்தாள். ரப்பர் விளிம்பையும் கழுவி உலர்த்தினாள். ஞாயிறுதோறும் மண்ணடுப்பிலிருந்து எடுத்த சேப்பங்கிழங்கை ஆவி பறக்க உள்ளே வைக்கும் கணவனுக்கும் கட்டளை பிறந்தது.

"ஆறினாத்தான் உள்ள போகணும். இல்லேன்னா நீங்க வெளிய போகணும்."

வெள்ளி மாலை அபிசாய் கொண்டுவந்த வஞ்சிரம், வால் மடங்காமல் நேராய்ப் படுத்தது. மூடியும் 'டப்'பென்று பொருந்தியது.

சனிக்கிழமை காலை கெலெரா தன் மாமனார் வீட்டாரோடு வந்து மூடியைத் திறந்தாள். முன்பெல்லாம் ஓரிரவிலேயே வெள்ளைத் தாடி முளைக்கும் முன்சுவர், மழமழவென்றிருந்தது. மீனோ அரசனைப்போல் கிடந்தது. மாமனார் வீட்டார் "அடேயப்பா!" என்று வாய் பிளந்தனர்.

கெலெரா சுற்றுமுற்றும் பார்த்தாள். "நான் தச்ச விரிப்பு எங்க அண்ணி?"

"குத்தவாளியா? அதோ, சன்னல்ல தூக்குல போட்டாச்சு!"

கதை முழுவதையும் கேட்ட கெலெரா, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, பெட்டி இங்கயே இருக்கட்டும். எனக்கு மட்டும் ஐஸ் ஓசி."

"இனிமே எதுவும் தச்சுத் தரமாட்டேன்னு சொல்லு, தரேன்."

நால்வர் தோளில் வஞ்சிரம் சபைக்குப் புறப்பட்டது. அதற்கு முன்னே, தலை நிமிர்ந்து, வாசெமாதா நடந்தாள்.